ஐந்தாவது கரும்புள்ளி

"நில்லுங்க! அதை அனுப்பாதீங்க!"

நான்கு மாடிகளையும் மூச்சுவிடாமல் ஏறிவந்த மிளகாய், மொட்டைமாடிக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். மிளகாய் என்பது பட்டப்பெயர். கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். இப்போது காதுவரை சிவந்திருந்தது.

கையில் ஒரு தாள். பென்சிலால் வரைந்த வட்டம்; அதற்குள் நான்கு புள்ளிகள். அதன்மேல் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில்: 'தவறு.'

"இதை யார் சார் எழுதினது?"

"நான்தான்" என்றார் வானியல் மன்றச் செயலாளர், உறையில் தாள்களைச் செருகியபடியே. அதை ஐந்து மணிக்குத் தலைமை மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். மணி நாலே முக்கால்.

சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். அதனால் மன்றத்தார் தொலைநோக்கி வழியே வரும் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, அதிலுள்ள கரும்புள்ளிகளை வரைவார்கள். மிளகாயும் அப்படித்தான் வரைந்தாள், வீட்டு ஜன்னலில், அப்பாவின் பைனாகுலரை ஸ்டூலில் கட்டிவைத்து. சூரியன் ஒருமுறை தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ இருபத்தேழு நாள். ஒருநாள்கூட விடாமல் வரைந்தவர்களின் படங்கள் மட்டுமே உறைக்குள் போகும். காய்ச்சலில்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரைந்தவள் அவள். கடைசி நாள் படம் தவறு என்றால், முந்தைய இருபத்தாறும் குப்பைக்கு!

"இன்னைக்கு அஞ்சு புள்ளி பாப்பா. ஆறு பேர் அஞ்சுன்னு வரைஞ்சிருக்கோம். நீ ஒருத்தி நாலுன்னா நாங்க என்ன கண்ணை மூடிக்கிட்டா வரைஞ்சோம்?"

"ஆறு பேரும் ஒரே தொலைநோக்கியிலதானே பார்த்தீங்க!"

"உன் ஸ்டூல் பைனாகுலருக்கு அவ்வளவுதான் பலம்."

"நாலு பொடிப் புள்ளி தெரிஞ்சுது. அஞ்சாவதுதான் எல்லாத்தையும்விடப் பெருசுங்கறீங்க. அது மட்டும் என் கண்ணுக்குத் தெரியாதா? இது என்ன சார் நியாயம்?"

பக்கத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த பல் டாக்டர் நிமிர்ந்தார். அவரும் மன்ற உறுப்பினர்தான், ஐந்து வரைந்தவர்தான். "கேள்வி சரியாத்தான் இருக்கு" என்றார்.

"டாக்டர், நீங்க வேற! எரியற நெருப்புல..."

மிளகாய் காத்திருக்கவில்லை. மாடித் தொலைநோக்கியிலிருந்து தாளில் விழுந்த பிம்பத்தை உற்றுப் பார்த்தாள். ஐந்தாவது புள்ளி நிஜமாகவே இருந்தது. அப்படியானால் தப்பு அவளுடையதா?

தொலைநோக்கியின் அடியில் மோட்டார் ரீங்கரித்தது. சூரியன் நகர நகர அதன் பின்னாலேயே தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார். அவளுடைய ஸ்டூலுக்கு அந்தச் சொகுசு இல்லை. நிமிடத்துக்கொரு தரம் பிம்பம் நழுவி ஓடும். அவள்தான் பைனாகுலரைத் தள்ளித் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

சட்டென்று அவள் முகம் மாறியது. மோட்டாரின் சுவிட்சை அணைத்தாள்.

"ஏய்! என்ன பண்றே?"

"ஒரே நிமிஷம் சார். சூரியன்ல இருக்கற புள்ளி சூரியன்கூடத்தானே போகணும்?"

சூரிய பிம்பம் தாளில் மெல்ல நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு புள்ளிகள் அதோடு நகர்ந்தன.

ஐந்தாவது நின்ற இடத்திலேயே நின்றது!

செயலாளர் தாளருகே குனிந்தார். சூரியன் பாதி விலகியும் அந்தப் புள்ளி அசையவில்லை.

"அப்போ இது... சூரியன்லயே இல்லையா?"

"இல்லை சார். உங்க தொலைநோக்கியில ஏதோ இருக்கு."

அவர் மெதுவாக உறையைப் பிரித்தார். இன்றைய ஆறு படங்களையும் வெளியே எடுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார். கை தயங்கியது. ஒன்று அவருடைய படம்.

அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லைதான். ஆனாலும் பையிலிருந்து அழிரப்பரை எடுத்து நீட்டினாள்.

"சிவப்பு வேண்டாம் சார். பார்த்தா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். அந்த ஒரு புள்ளியை அழிச்சா போதும்."

அவர் அழித்தார். பிறகு அவள் தாளை வாங்கி, 'தவறு' என்பதை அடித்து, கீழே 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டு உறையில் முதலாவதாக வைத்தார்.

"அது சரி, உள்ளே இருக்கறது என்ன?" என்றாள் மிளகாய்.

பல் டாக்டர் தொலைநோக்கியின் கண்வில்லையைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

"இருபது வருஷமா பல்லைத்தான் பிடுங்கறேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு கால் பிடுங்கியிருக்கேன். கொசுவோட கால்!"