பன்னிரண்டு பேருக்கும் பதினெட்டு

நூம்பலைத் தாண்டி இருக்கும் அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுக்குள், வழக்கம்போல மதியம் இரண்டு மணிக்கு வாளியோடு நுழைந்தேன். கூட்டித் துடைப்பது என் வேலை. ஏழாவது கட்டிலில் என் பெண்சாதி பொன்னம்மாள். காலில் சீழ் கட்டி, அதைக் கீறிவிட்டு நாலு நாள் ஆகியிருந்தது.

நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். கண்ணில் பட்டதையெல்லாம் படித்துப் பார்ப்பேன். அன்று வார்டு நர்ஸ் ஆஷ்லி சிஸ்டர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. பன்னிரண்டு பேர் சீட்டிலும், மூச்சை எண்ணிப் போட வேண்டிய கட்டத்தில் 18, 18 என்று எழுதிக்கொண்டே போனாள். ஒருத்தர் மூச்சையும் எண்ணவில்லை.

தரையை நனைத்தபோது ஒரு நாற்றம் வந்தது. மூன்று நாள் மூடிவைத்த சீழ்த்துணி வாளியைத் திறந்தது மாதிரி. எச்சில் விழுங்கினால் இனித்தது.

கூடவே கைக்கடிகாரச் சத்தம்.

டிக். டிக்.

பொன்னம்மாள் தலைமாட்டில் ஒருத்தி குனிந்து நின்றாள். சகாயமேரி சிஸ்டர். மூச்சை எண்ணி, சிவப்புப் பேனாவால் உள்ளங்கையில் குறித்துக்கொள்வது அவள் வழக்கம்.

இங்கேயே வேலை பார்த்து, போன வருஷம் இதே வார்டில் நோயாளியாகப் படுத்துக் காய்ச்சலில் செத்துப்போனவள். அவள் சீட்டிலும் பதினெட்டுதான் இருந்தது.

வீங்கித் தோல் உரிந்த விரல்களால் என் கையைப் பிடித்து விரித்தாள். சொதசொதவென்று இருந்தது.

"எண்ணு, சம்பத்தண்ணே."

இமைத்தேன். ஆளில்லை. என் உள்ளங்கையில் சிவப்பாக 36.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொன்னம்மாள் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணினேன்.

முப்பத்தாறு. சீட்டில் இருந்ததற்கு இரண்டு மடங்கு.

ஆஷ்லியிடம் சொன்னேன்.

"நீ மாப்பப் போடு அண்ணாத்தே. டாக்டர் வேலை உனுக்கு இன்னாத்துக்கு?" என்று சிரித்தாள்.

கையை விரித்து நீட்டினேன். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். வெளுத்துப்போய் போனை எடுத்தாள். ஓடிவந்த டாக்டர், சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஆள் தங்கியிருக்காது என்றார்.

பொன்னம்மாள் பிழைத்து மேனாம்பேட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் இருந்த சிவப்பையும் தேய்த்துக் கழுவிவிட்டேன். நேற்று மதியம் எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தவள், என்னையே பார்த்தாள்.

"இன்னாய்யா, சும்மா குந்திகினு கீறே, உனுக்கு ஏன் இப்டி மூச்சு வாங்குது?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். தொண்டையில் அந்த இனிப்பு.

டிக். டிக்.

கிண்ணத்தைப் பிடித்திருந்த கை சொதசொதவென்று ஆனது. விரித்துப் பார்த்தேன்.

சிவப்பாக, 40.