தறியில் தொங்கிய சாட்சி

போன் அலறியது!

தறியில் இருந்த காவேரி எடுத்தாள்.

"அக்கா... செல்போன் கடை ஷாரோன். குமரண்ணன் வாலட் மாதிரியே ஒண்ணு வந்துருக்குது!"

காவேரி, ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே போட்டாள்.

புருஷன் குமரன் குளத்தில் பிணமாய் மிதந்து இருபது நாள். கால் வழுக்கியதாம். போலீஸ் ஃபைலை மூடிவிட்டது. சட்டைப் பையில் இருந்த பிட்காயின் வாலட் மட்டும்... காணோம்! கம்ப்யூட்டர் பணத்தைப் பூட்டிவைக்கும், பென்டிரைவ் அளவுக் கருவி.

"எவன் கொண்டாந்தான்?"

"விஷாலு. தன்னுதாம். பின் நம்பர் மறந்துட்டானாம்."

விஷால்! குமரனோடு தினம் டீ குடித்தவன். பாடைக்குத் தோள் கொடுத்தவன்!

"அவரோடது தானாம்மா?"

"வெளியே பாத்தா எல்லாம் ஒண்ணுக்கா. உள்ள படிச்சா தான் தெரியும்."

காவேரி நிமிர்ந்தாள். தலைக்கு மேலே, சேலையில் பூ விழவைக்கும் துளை அட்டைகள். ஒன்றில் மட்டும் வெள்ளையாய் ஒட்டு...

கத்தரிக்கோலை எடுத்தாள்.

அரை மணியில், ஷாரோன் கடைத் தடுப்புக்குப் பின்னால் மறைந்து நின்றாள். பக்கத்தில், அவள் கூட்டி வந்த இன்ஸ்பெக்டர் எல்லம்மாள்.

தடுப்புக்கு முன்னால், விஷால் பார்க்க, ஷாரோன் வாலட்டைப் பிளந்தாள். தயாரித்தவர்கள் சோதனைக்காக விட்டிருந்த புள்ளிகளில் மெல்லிய ஒயர்களைப் பற்றவைத்தாள்.

"இன்னாமா, ஐசியு பேஷண்ட் மாதிரி சொருவிக்கினு இருக்கே?" என்றான் விஷால்.

"உயிர் இருக்குதான்னு பாக்கறேண்ணா."

இருந்தது! பின் நம்பரே கேட்காமல், கருவியின் நினைவு லேப்டாப்பில் கொட்டியது. இருபத்துநாலு இங்கிலீஷ் வார்த்தைகள். பணத்தைத் திறக்கும் சாவி!

"உன்னுது தானேண்ணா?"

"சாமி சத்தியமா!"

"அப்ப ஏம்பா அதே வார்த்தைங்க என் புருஷன் கையெழுத்துல இருக்குது?"

காவேரி! கையில் துளை அட்டை!

"இன்... இன்னாது அது?"

"இந்த வார்த்தைங்கள அவரு ஒரு கெட்டி அட்டையில எழுதி வெச்சிருந்தாரு. நான் தெரியாம கிழிஞ்ச தறி அட்டைக்கு ஒட்டுப் போட்டு, துளையும் போட்டுட்டேன். மூணு நாளு பேசல அந்த மனுஷன்."

துளைகளில் ஏழு வார்த்தை போயிருந்தது. எல்லம்மாள் மீதியை லேப்டாப்போடு ஒப்பிட்டாள்.

"பதினேழும் அதே வரிசை!"

விஷால் ஓடினான். எல்லம்மாள் கால் நீட்டினாள்.

தரையில் கிடந்தபடி உளறினான். "குளத்துல தள்ளிட்டேன் மேடம்... டீக்கடையில குமரன் தினம் கோடி வெச்சிருக்கேன், கோடி வெச்சிருக்கேன்னு..."

ஷாரோன் வார்த்தைகளைத் தட்டினாள். வாலட் திறந்தது.

"எவ்ளோ?"

"ஆயிரத்து இருநூறு ரூபா மேடம்."

விஷால் வீறிட்டான். "கோடின்னானே!"

காவேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"டீக்கடையில என்னைக்கூட தான் ரம்பைன்னாரு... அதையும் நம்பிட்டியாப்பா?"