சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டில்

மனைவிக்கு மறுநாள் டிஸ்சார்ஜ். மத்தியானம் அவளைப் பார்க்க வந்த கம்ப்யூட்டர்காரனின் கண், வார்டு வாசலில் சிஸ்டர் மேஜைமேல் இருந்த கேமரா திரையில் போய் நின்றது. நோயாளிகள் எல்லாரும் பூசணிக்காய் மாதிரி பரந்து தெரிந்தார்கள். வலது ஓரம் வெட்டுப்பட்டு, கடைசிக் கட்டிலில் தூங்கும் மனைவி பாதிதான் இருந்தாள்.

“வந்த இடத்துலயும் எதையாவது நோண்டாதே” என்று காலையில்தான் திட்டியிருந்தாள். கை கேட்டால்தானே!

“சிஸ்டர், இதைச் சரி பண்ணித் தரவா?”

“வேணாம் சார். முன்னாடி கம்ப்யூட்டர் பார்த்துக்கிட்டவர் அப்படியே விடச் சொல்லிட்டுப் போனார்.”

“அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

செட்டிங்ஸைத் திறந்தான். சரி என்று அழுத்தும் பொத்தானே திரைக்கு வெளியே போயிருந்தது. அதனால் திரையில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளையாகவே அடித்தான். திரைக்கு 1920 x 1080 ஒத்துவரும் என்றது கம்ப்யூட்டர். யாரோ வேண்டுமென்றே 1024 x 768-இல் கட்டிப்போட்டிருந்தார்கள். மடையன் என்று முணுமுணுத்தபடி சரியான அளவை அடித்தான். அனுபவசாலி அல்லவா, அரை நிமிடத்தில் தானாகப் பழைய அளவுக்குத் திரும்பும்படி கட்டளைக்கு ஒரு வாலையும் சேர்த்தான். புது அளவில் திரை இருண்டுபோனால் தப்பிக்க அதுதான் வழி.

படம் விரிந்தது. மனைவி முழுசாகத் தெரிந்தாள்.

அவளுக்கு அடுத்து இன்னொரு கட்டில்.

கண்ணாடி வழியே வார்டுக்குள் பார்த்தான். அங்கே வெறும் சுவர். திரையிலோ சுவரைக் காணோம். கட்டில்தான் இருந்தது, அதில் தலையோடு போர்த்திய ஓர் உருவம். பினாயில் வாடையை மீறி, நாள்பட்ட ஈரத்துணியின் நாற்றம் மூக்கில் ஏறியது.

போர்வை அசைந்தது.

உருவம் இறங்கியது. பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மனைவியைத் தூக்கித் தன் கட்டிலில் கிடத்தியது. அவள் இடத்தில் தான் படுத்துக்கொண்டது.

அவன் எழுவதற்குள் அரை நிமிடம் முடிந்துவிட்டது.

அவன் சேர்த்த வால், திரையைப் பழையபடி சுருக்கியது.

வார்டுக்குள் ஓடினான். மனைவி கண் விழித்தாள்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

அதே குரல், அதே கிண்டல். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே இறங்கி, குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வயிற்றில் தையல் போட்டவள். காலையில் எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

பின்வாங்கி மேஜைக்கு ஓடினான். பெரிய அளவை அடித்தான், இந்தமுறை வால் இல்லாமல்.

சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை.

அவன் தோளில் ஈரமான கை விழுந்தது.

“அட, அதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுட்டீங்களா!” என்று சிஸ்டர் பூரித்துப்போனாள்.

காதருகே கிசுகிசுப்பு.

“தொண்டை கிழியக் கத்துவா. நானும் கத்தினேன். யாருக்கும் கேக்காது.”

அவன் விரலைப் பிடித்து, அந்த விரலாலேயே பழைய அளவை அடித்து முடித்தாள். அவன் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

திரை சுருங்கியது. படம் வெட்டுப்படும் ஓரத்தில், விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம் துழாவிக்கொண்டிருந்தன.