உள்பக்கத் தாழ்ப்பாள்

படுக்கையறைக் கதவில் உள்பக்கத் தாழ்ப்பாளைக் காணவில்லை. நேற்று அவளே அதைப் போட்டுவிட்டுத்தான் படுத்தாள். இப்போது குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தால் வெறும் மரம். திருகாணி இருந்த நான்கு ஓட்டைகளும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கப்பட்டு, உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, விரலால் தடவினாலும் தெரியாத அளவுக்கு வழவழவென்று இருந்தன.

இவ்வளவு சுத்தமான வேலையைச் செய்ய அந்த வீட்டில் ஒருவரால்தான் முடியும். அவள் கணவர் முப்பத்தொரு வருஷம் பூட்டு வேலை பார்த்தவர்.

"ஏங்க, இந்தத் தாழ்ப்பாளை எடுத்தீங்களா?"

கூடத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார்.

மூன்று வாரமாக இந்த 'நீங்க'. கல்யாணமான நாளிலிருந்து 'நீ', 'ஏய்', கோபம் வந்தால் 'வாடி இங்க' என்று கூப்பிட்ட மனிதர். முதல் தடவை கேட்டபோது அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஒருவழியாய் ஐயாவுக்கு மரியாதை தெரிந்துவிட்டது என்று கேலிகூடச் செய்தாள். மறுநாளும் அதே 'நீங்க' வந்தபோது அவளுக்குக் கேலி வரவில்லை.

மகள் வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்பே அவள் சொன்னாள். "மறதி வேற, இது வேறம்மா. சாவியை எங்க வெச்சோம்னு தேடுறது மறதி. சாவி எதுக்குன்னே தெரியலைன்னா உடனே டாக்டர்கிட்ட காட்டணும். சீக்கிரம் பார்த்தா என்ன பண்ணலாம்னு யோசிக்க நேரம் கிடைக்கும்." அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சாவி எதற்கென்று இவருக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டே பூட்டைப் பிரித்து மாட்டுகிற கை. கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாரே, சட்டைக்கு மேல் சட்டை போட்டாரே, அதெல்லாம் வயசு. டாக்டரிடம் வாங்கிய தேதியை மூன்று முறை தள்ளிப்போட்டாள். கட்டினவரை ஒருத்தன் பெயர் கேட்டு, கிழமை கேட்டு, பரீட்சை வைப்பதா?

பரீட்சை எப்படியும் வந்தது. தினமும் நாலு மணிக்கு மகள் போனில் அப்பாவை நோண்டி நோண்டிக் கேள்வி கேட்பாள். அதனால் மூன்று மணிக்கே அம்மா அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். கிழமையையும் சமையலையும் காலையிலேயே ஒரு தாளில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டிவைப்பாள். புரியாத கேள்வி வந்தால், "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று முடித்துவிட வேண்டும். அம்மா எங்கே என்று கேட்டால், "அம்மா குளிக்கிறா" என்று சொல்ல வேண்டும். நல்ல மாணவர். ஒரு மார்க்கூடக் குறையவில்லை.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனாள். குளியலறை. சமையலறை. பின்கட்டு. எல்லாவற்றிலும் உள்தாழ்ப்பாள் போயிருந்தது; வீட்டில் இரண்டே பேர் என்பதால் அவள் அவற்றைப் போடுவதே இல்லை, கவனிக்கவுமில்லை. எல்லாவற்றிலும் வெளிப்பக்கம் புதிதாக ஒன்று, எண்ணெய் போட்டு, சத்தமில்லாமல் நகர்கிற மாதிரி. மெஷின் எண்ணெய் வாசனை வீடு முழுக்க மெல்லப் பரவியிருந்தது. ஒரு நாளில் செய்கிற வேலை அல்ல இது. அவள் தூங்கும்போது, குளிக்கும்போது, பால் வாங்கப் போகும்போது, பொறுமையாகச் செய்திருக்கிறார்.

போதும். இன்றைக்கு நாலு மணிக்கு மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அதற்கு முன்னால் அந்தக் கருவிப்பெட்டியை ஒளித்துவைக்க வேண்டும்.

பெட்டி சாமான் அறையில், பரணுக்கு அடியில் இருக்கும். ஜன்னலில்லாத அறை. அவள் உள்ளே போய்க் குனிந்து பார்த்தாள். பெட்டி இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்தது. இழுத்துப் பார்க்கிற சத்தம். ஒரு தடவை. இரண்டு. மூன்று. எந்த வீட்டில் பூட்டு மாட்டினாலும் மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்புவார்.

"ஏங்க! திறங்க! நான்தாங்க!"

"பயப்படாதீங்கம்மா." கதவுக்கு அப்பால் அவர் குரல் தன்மையாக இருந்தது. "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். ரொம்ப நாளா நீங்க எங்க வீட்டுக்குள்ளயே சுத்திட்டு இருக்கீங்க. அவ புடவையெல்லாம் கட்டிக்கிறீங்க. என் வீட்டுக்காரி வரட்டும். என்ன செய்யலாம்னு அவகிட்ட கேக்கறேன்."

"நான்தாங்க உங்க வீட்டுக்காரி!"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுந்த இரைச்சலில் அவள் கத்தியது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் மின்சாரமும் போனது. பழைய சாக்கின் மக்கல் நாற்றம், எண்ணெய் வாசனை, தன் வியர்வை. இருட்டில் கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை மரத்துப்போனது.

கூடத்தில் போன் அடித்தது. நாலு மணி.

அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

"நல்லா இருக்கேன்மா," என்றார் அவர். "சாப்பிட்டாச்சு. இன்னைக்கு வியாழக்கிழமை. அம்மாவா? அம்மா குளிக்கிறா." போனில் அடுத்த கேள்வி. "மழை சத்தம்மா அது." இன்னொரு கேள்வி. "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ."

வைத்துவிட்டார். நூற்றுக்கு நூறு.

அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். நாளைக்கு நாலு மணிக்கு மறுபடி போன் வரும். தாளில் வியாழன் என்றுதான் இருக்கும். தப்பாகச் சொல்வார். அப்போதாவது மகள் கண்டுபிடிப்பாள். ஒரு நாள். தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் இருந்துவிடலாம். இருந்துவிட வேண்டும்.

வெளியே நாற்காலி நகர்ந்தது.

"வந்துட்டியா?" என்றார் அவர். "எவ்வளவு நேரமாச்சு? நனைஞ்சிட்டியா?"

வாசல் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

"உள்ள ஒருத்தி இருக்கா. பாவமாத்தான் இருக்கு. நீ சொல்லு, என்ன பண்ணலாம்?"

அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள். மழை. மழை மட்டும்.

"சரி," என்றார் அவர். "நீ சொன்னா சரி."

கருவிப்பெட்டி திறந்தது. கதவடி இடுக்கில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. பிறகு அந்தச் சத்தம். மரத்துக்குள் நீளத் திருகாணி ஏறுகிற சத்தம். கதவை நிரந்தரமாக மூட ஏதோ பட்டையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் திருப்புகிறார். கறக். கறக்.

கன்னத்தைக் கதவில் வைத்திருந்தவள் விலகினாள். கையால் தடவினாள். மரத்தில் ஊசிமுனை ஒன்று முளைத்திருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

"என்னங்க..." என்றாள்.

"நீ தள்ளி நில்லு. கண்ணுல தூசி விழும்," என்றார் அவர், வேறு யாரிடமோ, ஆசையாக. "டார்ச்சைக் கொஞ்சம் மேல பிடி."

கறக். கறக். அவருடைய இரண்டு கையும் வேலையில்தான் இருந்தன.

கதவடியில் கிடந்த வெளிச்சம் தரையை விட்டு எழுந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியே மெதுவாக மேலேறி, மூன்றாவது முனை வெளிவந்துகொண்டிருந்த உயரத்துக்கு வந்து, ஆடாமல் நின்றது.