மூன்று கனம், மூன்று லேசு

பாலத்தின் பாதி மேட்டில் ஸ்கூட்டர் திணறியது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரனை அலறவிட்டது.

"ரோஸி, இறங்கித் தள்ளு!" என்றாள் அம்மா.

ஆறாம் வகுப்பு படிக்கும் ரோஸி குதித்து இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். வண்டி எப்படியோ உச்சிக்கு வந்து சேர்ந்தது.

அம்மா ஜான்சிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு காலில் பலமில்லை. அதனால் புதிதாக வாங்கிய ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரங்கள் பொருத்தியிருந்தார்கள். வண்டி கனமாகிவிட்டது. திங்கட்கிழமை குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் அம்மா நூலகராகச் சேர வேண்டும். இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்போது தள்ளிவிட ரோஸி இருக்க மாட்டாள்.

இன்று சனிக்கிழமை. இருவரும் நேராக இரும்புலியூரில் உள்ள மெக்கானிக் தீனாவின் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள்.

"இன்னாக்கா, மேட்டுல சத்தம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டான் தீனா.

ரோஸி எருமை முனகுவதுபோல் அடித்தொண்டையில், "ம்ம்ம்…" என்று ஹம் செய்து காட்டினாள். தீனா சிரித்துவிட்டான்.

"இந்த வண்டியில என்ஜின் வேகம் பாக்க மீட்டர் கிடையாது. நீயே மீட்டர் மாதிரி கீறியே!"

அவன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே கிண்ணம் போன்ற ஒரு பாகத்தில் ஆறு சின்ன உருளைகள் வட்டமாக இருந்தன.

"இதுங்க கனமா கீது. அதான் வண்டி சீக்கிரமே பெரிய கியருக்குப் பூடுது. மேட்டுல என்ஜின் வேகம் இறங்கிடுது. லேசான உருளை போட்டா என்ஜின் வேகமா சுத்தும்."

லேசான ஆறு உருளைகளை மாட்டிக் கொடுத்தான். ரோஸி ஹெல்மெட்டோடு பின்னால் உட்கார்ந்து, என்ஜின் சத்தத்தோடு சேர்ந்து ஹம் செய்தாள். வண்டி பாலத்தில் ஏறிவிட்டது! ஆனால் மேடில்லாத சமமான ரோட்டில் என்ஜின் வீறிட்டது. வேகம் மட்டும் வரவில்லை. "ஈஈஈ" என்று உச்சத்துக்குப் போன ரோஸிக்கு இருமலே வந்துவிட்டது. சரக்கு ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டிகூட அவர்களை முந்திப் போனது.

"இப்படிக் கத்திக்கிட்டே போனா, ஸ்கூல் விட்டப்புறம்தான் போய்ச் சேருவேன்," என்றாள் அம்மா, கடைக்குத் திரும்பியதும்.

"ரெண்டுக்கும் நடுவான கனத்துல உருளை வர ஒரு வாரம் ஆவும்க்கா," என்று தீனா உதட்டைப் பிதுக்கினான்.

அம்மாவின் முகம் வாடியது. கழற்றிச் செய்தித்தாள் மேல் போட்டிருந்த கனமான உருளைகளையே ரோஸி பார்த்தாள்.

"அண்ணா, மூணு கனம், மூணு லேசு போட்டா?"

"வண்டி ஆடும், பாப்பா."

"கனமானது எல்லாம் ஒரே பக்கம் இருந்தாதானே ஆடும்? பார்க் ராட்டினத்துல நாங்க ஆறு பேர் ஏறுவோம். குண்டுப் பசங்க ஒரே பக்கம் உட்கார்ந்தா அது சாயும். ஒருத்தர் விட்டு ஒருத்தர் மாறி உட்கார்ந்தா ஜோரா சுத்தும்."

தீனா உருளைகளை மாற்றி மாற்றி அடுக்கினான். கனம், லேசு, கனம், லேசு… தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"அட, சரியாத்தான் கீது!"

மூன்றாம் முறை பாலம் வந்தது. ரோஸி ஹம் செய்யத் தொடங்கினாள். சத்தம் இறங்கவில்லை; வீறிடவும் இல்லை. தொண்டைக்குச் சுகமான ஒரே சுருதியில் உச்சிவரை போனது. வண்டி ஆடவும் இல்லை.

"இன்னும் பாடிக்கிட்டே இருக்கியா?" அம்மா சிரித்தாள்.

"மூச்சே வாங்கலம்மா. எனக்கும், வண்டிக்கும்!"

திங்கட்கிழமை காலை ரோஸி வாசலில் நின்று கையசைத்தாள். அம்மா தனியாகவே பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக் காவலாளி கேட்டின் பூட்டைக்கூட இன்னும் திறந்திருக்கவில்லை.