எடை நிற்காத பதக்கம்

தராசில் எண் நிற்கவில்லை.

வெள்ளிப் பதக்கத்தைத் தட்டில் வைத்ததிலிருந்து எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. காற்றாக இருக்குமென்று வில்ஃப் ஜன்னலை அடைத்தார். சூடான காற்று மேலெழும்போது தட்டையும் லேசாகத் தூக்கும் என்பதால் கணப்பை அணைத்தார். தராசின் கால்களைத் திருகிச் சமமாக்கினார். பிறகு பதக்கத்தை எடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த ஒரு பவுண்டு நாணயத்தை வைத்துப் பார்த்தார். எண் சட்டென்று நின்றது. நாணயத்தை எடுத்துவிட்டுப் பதக்கத்தை வைத்தார்.

ஏறியது. இறங்கியது.

ஏலக் கூடத்தின் பின்னறையில் மர மெருகும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை அடித்தது. நவம்பர் மாதம், தேநீர் வேளைக்கே முற்றம் இருட்டிவிட்டது. முதலாளி பிரயோனி கதவிடுக்கில் தலையை நீட்டினாள். அவள் கோட்டில், போரில் இறந்தவர்களின் நினைவாக நவம்பரில் அணியும் காகிதப் பாப்பிப்பூ குத்தியிருந்தது.

"என்ன வில்ஃப், அசலா போலியா? ஏலப் பட்டியல அச்சடிக்கிறவன் எனக்கு மூணு தடவ போன் பண்ணிட்டான்."

"எடை மட்டும் பாக்கி கண்ணு."

"எடையா? எங்கப்பா கையில தூக்கிப் பாத்தே சொல்லுவாரு."

"உங்கப்பா தூக்கிப் பாத்து வாங்கின போலிங்க இன்னும் மாடியில ஒரு பெட்டி நிறைய இருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. "இந்த வருஷம் ரெண்டு தடவ சறுக்கிட்டீங்க. இதும் தப்பாப் போச்சுன்னா இந்த மேஜை உங்களுக்கு இல்ல. நிஜமாத்தான் சொல்றேன். இப்ப வரேன், பதில வெச்சிருங்க."

கண்ணும் முழங்காலும் முன்போல இல்லை. வீட்டில் பேச ஆளும் இல்லை. இந்த மேஜையும் போய்விட்டால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மற்ற எல்லாமே சரியாக இருந்தது. 1850-களில் நடந்த கிரிமியப் போரின் பதக்கம். மஞ்சள் கரையிட்ட வெளிர்நீல நாடா. விலையை முடிவு செய்வது விளிம்பில் பதித்திருக்கும் வீரனின் பெயர்தான். ஏமாற்றுகிறவர்கள் சாதாரணப் பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டுப் பெயர்பெற்ற ஒரு குதிரைப்படைக்காரனின் பெயரைப் பதிப்பார்கள். ராவினால் விட்டம் மயிரிழை குறையும். வெர்னியர் அளவுகோலில் அளந்தால் காட்டிக் கொடுத்துவிடும். இதில் எந்தப் பக்கம் அளந்தாலும் விட்டம் குறையவில்லை. வார்த்தெடுத்த போலியில், பதக்கத்தின் முகப்பிலுள்ள ராணியின் கன்னத்தில் ஊசிக்குத்துப் போல் குழிகள் இருக்கும். லென்ஸில் ஒன்றுகூடத் தெரியவில்லை. எடையும் பொருந்திவிட்டால் அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

எண் ஏறியது. இறங்கியது.

காலையில் இதைக் கொண்டுவந்தவர் திருமதி எண்ட்விசில், சமீபத்தில் கணவரை இழந்தவர். பதக்கம் இருந்த பிஸ்கட் டப்பாவை மேஜையில் வைத்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

"அவரோட முப்பாட்டன் அண்ணனோடது. பதக்கம் வந்து சேர்றதுக்குள்ள காலரா வந்து அங்கயே செத்துட்டாராம். ஒரு நாள்கூட போட்டுக்கல. எங்க வீட்டுக்காரரு வருஷா வருஷம் போர் நினைவு நாள் ஊர்வலத்துக்குப் போட்டுட்டுப் போவாரு. அதுவும் இடது பக்கத்துல! எல்லாரும் ஏசுவாங்க."

ஏசாமல் என்ன செய்வார்கள்? இடது மார்பு பதக்கத்தை வென்றவனுக்கு உரியது. வாரிசு அணிந்தால் வலப்பக்கம்தான்.

"ஏன் இடது பக்கம்னு கேட்டீங்களா?"

"அங்க குத்தினாத்தான் அடங்கி இருக்குதுன்னாரு. கடைசி வருஷம் வீட்டுக்குள்ளயும் கழட்டல. ரெண்டு பேருக்கும் சேத்து மூச்சு விடுற மாதிரி விட்டாரு, பாவம்." வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "விக்கலைன்னாலும் எனக்குத் திருப்பித் தர வேணாம்."

துக்கத்தில் பேசுகிறார் என்று வில்ஃப் நினைத்திருந்தார். இப்போது எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் சும்மா கிடக்கும் பொருளின் எடை மாறாது. ஏதாவது ஒன்று அதைத் தூக்கித் தூக்கி இறக்கினால்தான் மாறும். ஏற்றம் மெதுவாக இருந்தது, இறக்கம் இன்னும் மெதுவாக. இடையில் ஒரு சின்ன நிறுத்தம். இந்தத் தாளம் அவருக்குத் தெரிந்ததுதான். மனைவியின் கடைசி மாதங்களில் இருட்டில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டிருக்கிறார்.

தூங்குகிறவரின் மூச்சு.

தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். எண் அடங்கவில்லை.

சோர்வாக இருந்தது. பயப்படுவதற்குக்கூடத் தெம்பில்லாத சோர்வு. எதையும் சோதித்துப் பார்ப்பதுதான் அவருடைய பழக்கம். நாடாவின் ஊசியைத் திறந்து, முறைப்படி தன் கோட்டின் வலப்பக்கம் குத்தினார்.

டொக்.

பதக்கம் மார்பில் இடித்தது. விலகியது. மறுபடி இடித்தது, பூட்டிய கதவை யாரோ பொறுமையாகத் தட்டுவதுபோல.

நாற்பது வருடத் தொழிலில் வில்ஃப் எந்தப் பதக்கத்தையும் தன் இடது மார்பில் வைத்ததில்லை. மாடிப்படியில் பிரயோனியின் செருப்புச் சத்தம் தொடங்கியது.

ஊசியைக் கழற்றினார். இடப்பக்கம் குத்தினார்.

அமைதி.

கோட்டோடு அப்படியே குனிந்து, நாடா தளரும்படி பதக்கத்தைத் தட்டில் கிடத்தினார். எண் நின்றது. இருக்க வேண்டிய எடை, அப்படியே, அசையாமல். அசல். அவருக்குச் சிரிப்பு வந்தது. மேஜை பிழைத்தது.

நிமிர்ந்தார். பிரயோனியைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

குரல் எழவில்லை. நெஞ்சு அப்போது காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மெதுவாக. அவர் இழுக்கவில்லை. பிறகு விட்டது, இன்னும் மெதுவாக. ஒரு சின்ன நிறுத்தம்.

வாயை மூடினார். மூக்கைப் பிடித்தார்.

மார்பு ஏறியது.

இருண்ட ஜன்னல் கண்ணாடியில் ஒரு கிழவர் மூக்கைப் பிடித்தபடி நின்றார். விரல்கள் வெளுத்திருந்தன. இடது மார்பில் வெள்ளி ஏறியது. இறங்கியது. ஊசியைத் தேடிப் போன அவருடைய மறுகை பாதி வழியில் நின்று, பதக்கத்தின் மேல் மெல்லப் படிந்தது. அதையும் அவர் செய்யவில்லை.

"வில்ஃப்? எடை சரியா வந்துச்சா?"

வந்துவிட்டது. தராசில் கோளாறு இல்லை. பதக்கத்திலும் இல்லை. அது மூச்சு விட ஒரு நெஞ்சு வேண்டியிருந்தது, இடது பக்கத்தில்.