நம்பி ஊத்துங்க!

பிணத்தின் முதுகில் விளம்பரம் இருந்தது.

'நம்பி ஊத்துங்க!'

அதன் கீழே ஆயில் கம்பெனியின் முத்திரை. அதைச் சுமந்துகொண்டு குப்புறக் கிடந்தவர், பந்தயக் குழுவின் தலைமை மெக்கானிக். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, கராஜில் எல்லோருக்கும் அவர் 'ஸ்பானர்'.

ஆயில் ஸ்டோரின் சிமெண்ட் தரை. நெற்றிப்பொட்டு இரும்பு மேஜையின் முனையில் மோதிப் பிளந்திருந்தது. காலடியில் குளம் கட்டி நின்றது பச்சை ஆயில். பக்கத்தில் ஒரு காலி டின், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் உருண்டு கிடந்தது.

"வழுக்கி விழுந்துட்டார், பாவம்," என்றார் குழுவுக்குப் பணம் கொடுக்கும் ஆயில் கம்பெனியின் விளம்பர மேனேஜர். "ஆயில் ஸ்டோர்ல இதெல்லாம் சகஜம்தானே மேடம்?"

"சாகறதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டார்.

குழுவின் முதலாளி கதவோரமாக நின்றிருந்தார். மேலே நின்றதெல்லாம் உடம்புதான். உயிர் எப்போதோ கீழே உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் ஸ்பானரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் அவர். அழ வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கண் போனது பிணத்தின் மேல் அல்ல... ஆயிலின் மேல்.

பச்சை.

ஏன் பச்சை...?

இன்ஸ்பெக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பானரின் ஷூவைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பாகத்தை விரலால் தடவினார். விரலை மேனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"காய்ஞ்சு கிடக்கு. ஆயில்ல வழுக்கி விழுந்தவர் ஷூவுல ஆயில் இல்ல. பறந்து வந்து விழுந்தாரா?"

பிணத்தின் காலரைத் திருப்பிப் பார்த்தார்.

"காலர் கிழிஞ்சிருக்கு. பட்டன் ரெண்டைக் காணோம். யாரோ பிடிச்சுத் தள்ளியிருக்காங்க. விழுந்த பிறகு ஆயிலைக் கொட்டி, விபத்துன்னு ஒப்பனை பண்ணியிருக்காங்க." எழுந்து கையைத் துடைத்தார். "முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான்," என்றான் முதலாளியின் தம்பி.

அவன்தான் குழுவின் டிரைவர். மதியப் பந்தயத்துக்கான உடையில் இருந்தான். நெஞ்சிலும் 'நம்பி ஊத்துங்க!', இரண்டு தோளிலும் 'நம்பி ஊத்துங்க!' நடமாடும் சுவரொட்டி.

இன்ஸ்பெக்டர் அவனுடைய ஷூவைப் பார்த்தார். இரண்டிலும் பச்சை ஆயில்.

"தூக்கலாம்னு ஓடினேன் மேடம்... மிதிச்சுட்டேன்."

"நேத்து பயிற்சி முடிஞ்சதும் இவரை நீங்க என்ன சொன்னீங்க?"

தம்பி ஷூவைத் தரையில் தேய்த்தான்.

"நானே சொல்றேன். 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்.' பக்கத்து கராஜ்ல டீ குடிச்சவன்கூட கேட்டிருக்கான்."

"என் இன்ஜினோட வேகத்துக்குக் கடிவாளம் போட்டுட்டார் மேடம். கோவத்துல வந்துடுச்சு. அவரை நான் சித்தப்பான்னுதான் கூப்பிடுவேன்."

"சித்தப்பாவைக் கொன்னவங்க கேஸ் என்கிட்ட நிறைய இருக்கு தம்பி. நடங்க, ஸ்டேஷனுக்குப் போகலாம்."

தம்பி திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே... நீயாவது சொல்லேன்."

அண்ணனின் கண் மறுபடி பச்சை ஆயிலுக்குப் போனது.

சொல்லலாம். ஒரே வாக்கியம். தம்பி தப்பித்துவிடுவான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் குழு செத்துவிடும்.

கேமராவைத் தோளில் சுமந்த ஒருவர் வாசலில் எட்டிப் பார்த்தார். ஆயில் கம்பெனி விளம்பரப் படம் எடுக்கக் கூட்டி வந்திருந்த ஆள். பிணத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"சார், ஷூட்டிங் உண்டா, இல்லையா? மெக்கானிக் சீலை உடைச்சு இன்ஜின்ல ஊத்தற காட்சிக்கு லைட்டெல்லாம் ரெடி."

"அந்த மெக்கானிக்தான்யா கீழே கிடக்கறது," என்றார் மேனேஜர். "வெளியே வெயிட் பண்ணு."

தலை மறைந்தது.

மேனேஜர் மெதுவாக நகர்ந்து முதலாளியின் காதருகே வந்தார். குரலில் தேன்... கலப்படத் தேன்.

"சார், உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இன்னைக்கு எங்க சேர்மன் வர்றார். அடுத்த மூணு வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்து. இப்ப எதையாவது பேசிக் குட்டையைக் குழப்பாதீங்க. தம்பிக்கு நல்ல வக்கீலா நானே பார்க்கறேன். காரை வேற டிரைவர் ஓட்டட்டும்."

"வேற டிரைவர்..."

"டிரைவர் மாறலாம் சார். காருல ஸ்டிக்கர் மாறக்கூடாது."

முதலாளி அவரையே பார்த்தார். இப்படியொரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமானால் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விளம்பரத்துறையில் இருக்க வேண்டும்.

வெளியே ஜீப்பின் கதவு திறக்கும் சத்தம். தம்பி ஏறப் போகிறான். அம்மா செத்தபோது இவர் இடுப்பில் இருந்தவன். முதல் பல் விழுந்ததையும், முதல் கார் கவிழ்ந்ததையும் இவரிடம்தான் ஓடிவந்து சொன்னவன்.

ஸ்டிக்கரா... தம்பியா...?

"மேடம், நில்லுங்க!"

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். பின்னாலேயே தம்பியும்.

"இந்த ஆயில் எங்களோடது இல்ல," என்றார் முதலாளி.

மேனேஜர் சிரித்தார். "என்ன சார், அதிர்ச்சியில உளர்றீங்க? டின்னுல எங்க பேர் இருக்கு. ஸ்டோர் முழுக்க எங்க டின்தான் இருக்கு."

"டின் உங்களோடதுதான். ஆயில் இல்ல."

முதலாளி காலி டின்னைக் காட்டினார்.

"முதல் வருஷம் ஒரே ஒரு தடவை உங்க ஆயிலை ஊத்தினோம். மூணாவது சுத்துல இன்ஜின் இருமிச்சு. அஞ்சாவது சுத்துல உட்கார்ந்துடுச்சு. அன்னையிலேர்ந்து நீங்க அனுப்பற சரக்கு இந்தக் கதவைத் தாண்டினதே இல்ல. நேரா என் மச்சானோட லாரி ஷெட்டுக்குப் போயிடும். அங்கே காலி பண்ணிக் கழுவின டின் மட்டும் இங்கே வரும். அதுல வேற கம்பெனி ஆயிலை ஊத்தி, வாயை அழுத்தி மூடி அடுக்கி வைப்போம். கதவைச் சாத்திக்கிட்டு ஸ்பானர் ஊத்துவார், நான் புனல் பிடிப்பேன். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

தம்பியின் வாய் திறந்து கிடந்தது.

"அப்ப இத்தனை வருஷமா என் இன்ஜின்ல ஓடினது என்ன?"

"நல்ல ஆயில்டா."

"எனக்குக்கூட சொல்லலையே அண்ணே!"

"ஜெயிச்சதும் கேமரா முன்னாடி நின்னு பொய் சொல்லணும். உனக்கு வராது. தெரியாதவன் பேசினா அது பொய் இல்லையேன்னு விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் அலமாரியிலிருந்து ஒரு டின்னை எடுத்துத் திறந்து சரித்தார்.

தேன் நிறம்.

இன்னொன்று. தேன் நிறம். மேல் தட்டில் மூலையில் இருந்த ஒன்று. அதுவும் தேன் நிறம்!

தரையில் கிடந்ததைப் பார்த்தார். பச்சை.

"உங்க ஆயில் என்ன நிறம் சார்?" என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜரின் காதில் அது விழவில்லை. முகம் சிவந்து, முதலாளியை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தார்.

"மோசடி! பச்சை துரோகம்! எங்க ஆயிலாலதான் ஜெயிக்கறீங்கன்னு நாடு பூரா போஸ்டர் ஒட்டியிருக்கேன்! ஒப்பந்தம் இந்த நிமிஷமே ரத்து. உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலைன்னா பாருங்க!"

"இழுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கு முன்னாடி நான் கேட்டதுக்கு பதில். உங்க ஆயில் என்ன நிறம்?"

"பச்சை. அசல் பச்சை. நிறத்துக்குன்னே தனியா சாயம் சேர்க்கறோம்."

"இந்த ஸ்டோர்ல அசல் பச்சை ஒரு சொட்டுகூட கிடையாது. இந்தக் குழுவுல யார் கொன்னிருந்தாலும் கைக்கு எட்டின டின்னைக் கவுத்திருப்பாங்க. தேன் நிறம்தான் கொட்டியிருக்கும். அப்ப இது எப்படி உள்ளே வந்துச்சு?"

மேனேஜர் டையைத் தளர்த்தினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் கேமராக்காரரின் தலை முளைக்க வேண்டும்!

"சார், கோவிச்சுக்காதீங்க. மெக்கானிக் இல்லாட்டி பரவாயில்ல, டின்னை மட்டும் தனியா எடுத்துக்கறேன். காலையில கம்பெனியிலேர்ந்து சீல் உடைக்காத டின் ஒண்ணு கையில எடுத்துட்டு உள்ளே வந்தீங்களே... அது எங்க சார்?"

எல்லோருடைய பார்வையும் தரையில் உருண்டு கிடந்த காலி டின்னுக்குப் போனது. அங்கிருந்து மெதுவாக மேனேஜரின் டைக்கு ஏறியது.

மேனேஜர் சுவரோடு சாய்ந்தார்.

"ஒரே ஒரு வரிதான் பேசச் சொன்னேன்..." குரல் உடைந்தது. "'நம்பி ஊத்துங்க'ன்னு. முடியாதுன்னுட்டார். 'எனக்கே நம்பிக்கை இல்லாததை ஊரை எப்படி நம்பச் சொல்றது, வேற ஆளைப் பாருங்க'ன்னார். சேர்மன் வர்ற நாள் மேடம்... காலரைப் பிடிச்சேன். தள்ளினது ஒரு தடவைதான்."

"கொட்டினது?"

"இங்கே முழுக்க எங்க ஆயில்தானே, ஒரு டின் கொட்டினா யாருக்கு வித்தியாசம் தெரியும்னு..."

தம்பியின் மணிக்கட்டுக்கென்று எடுத்துவந்த விலங்கு, பட்டன் போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டையின் மேல் பொருந்தியது. தம்பி சுவரோரமாக உட்கார்ந்து, பிணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

முதலாளி அவன் தோளில் கையை வைத்தார். விரலுக்கடியில் ஸ்டிக்கர் தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டி உரித்தார். முழுசாக வந்தது. பசைகூட மட்டரகம்தான்.

வாசலைத் தாண்டும்போது மேனேஜர் நின்று திரும்பினார். இத்தனைக்குப் பிறகும் அவர் கண்ணில் கொலையைவிடப் பெரிய காயம் ஒன்று தெரிந்தது.

"ஒரு சொட்டு... ஒரு சொட்டுகூடவா நீங்க நம்பி ஊத்தல?"

முதலாளி உரித்த ஸ்டிக்கரை அவருடைய சட்டைப் பையில் ஒட்டித் தட்டிக்கொடுத்தார்.

"இந்த மைதானத்துலயே உங்க ஆயிலை நம்பி ஊத்தின ஒரே ஆள் நீங்கதான் சார்!"